மலையேறும் யோசனை

"அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கட்டுப்படியாகிற வாடகை, கிணற்றில் நல்ல தண்ணீர், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீண்பேச்சுப் பேச ஒரு சிநேகிதர் – இவையெல்லாம் இருந்த ஒரு காலம் மலையேறிவிட்டதென்றால், அது இன்னும் ஏதோ ஒரு மலையின்மேல் உட்கார்ந்துகொண்டுதானே இருக்கவேண்டும்? எந்த மலை என்று மட்டும் தெரிந்துவிட்டால், நாமும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறிப் போய்விடலாம் அல்லவா?

போன வருஷம் ஆனி மாதத்தில் எனக்கு இந்த யோசனை உதித்தது. தானாக உதிக்கவில்லை, வீட்டுக்காரர் உதிக்கச் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாடிக்கு வந்தார். அவர் மாடிக்கு வருவது அபூர்வம். காப்பி சாப்பிட்டார். என் கடைசி நாவலைத் தம் பெண் படித்ததாகச் சொன்னார். என் உடம்பை விசாரித்தார். இவ்வளவு மரியாதைக்கும் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வந்தது. வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள்; அடுத்த சித்திரைக்குள் நாங்கள் காலி செய்து கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.

மேற்கு மாம்பலத்தில் 19 வருஷமாக நாங்கள் குடியிருக்கும் வீடு அது. வாடகை 16,000 ரூபாய். அதே தெருவில் இன்று போய் விசாரித்தால் ஏறக்குறைய இரண்டு பங்கு கேட்கிறார்கள்; அட்வான்ஸ் கேட்கும்போது அவர்கள் குரலில் தெரிகிற நிதானம் எனக்கு எந்த ஜன்மத்திலும் வராது. எனக்கு ஒரு பென்ஷன் இருக்கிறது. நாவல்களிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. எவ்வளவு என்று சொன்னால் பதிப்பாளர் வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் வருமான வரிக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். ஆகையால் அதை விட்டுவிடுவோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. என் புதிய நாவல் பதினோராம் அத்தியாயத்தில் படுத்துவிட்டது. ஐந்து மாதமாக எழுந்திருக்கவில்லை. குற்றத்தை நான் சாயங்கால வேளையின்மேல் சுமத்தியிருந்தேன். ஐந்து மணிக்கு மேல் எங்கள் கூடம் எனக்குச் சொந்தமில்லை. என் மனைவி வீணை சொல்லிக் கொடுக்கிறாள். ஒன்பது குழந்தைகள். ஒன்று ஸரளி வரிசையில் இருக்கும். இன்னொன்று அலங்காரத்தில் தடுக்கி விழும். மூன்றாவது, தன் முறை வரும்வரை என் மேஜையிலிருந்து பென்சில்களை எடுத்துச் சீவிக்கொண்டிருக்கும். இந்த நிலைமையில் கதாநாயகி எப்படி முடிவெடுப்பாள்?

எனவே மலை ஊர் வேண்டும் என்று தீர்மானித்தேன். வெறும் மலை ஊர் போதாது. ஓவியர்களும் சிற்பிகளும் நாடகக்காரர்களும் வசிக்கிற, கலையின் காற்று வீசுகிற மலை ஊராக இருக்கவேண்டும். வாடகையும் குறைவாக இருக்கவேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்த நிலைமை புரியும். படிப்பு, குணம், சொத்து மூன்றும் ஒரே மாப்பிள்ளையிடம் சேர்ந்திருக்க வேண்டுமென்று நாம் எல்லோரும்தான் ஆரம்பிக்கிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பக்கத்துக்கு ஓர் ஊர். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: வாடகை, கலை, டாக்டர். மனைவியிடம் காட்டினேன். "சரி" என்றாள். அவள் 'சரி' என்று சொல்வதில் ஏழு ஸ்வரங்களும் உண்டு. அன்று சொன்னது எந்த ஸ்வரம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

முதல் பக்கம் அல்மோராவுக்குப் போயிற்று. பல வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் நான் அங்கே நாலு நாள் தங்கியிருக்கிறேன். குமாவுன் மலையில் ஒரு முதுகெலும்பு மாதிரி நீண்ட மேட்டின்மேல் அமைந்த ஊர். கல் பாவிய கடைத்தெரு, மர வேலைப்பாடு செய்த பழைய வீடுகள், வானம் தெளிந்தால் வடக்கே பனிச் சிகரங்கள். உதயசங்கர் 1938-இல் தம் கலா கேந்திரத்தை இந்த ஊருக்குப் பக்கத்தில் சிம்தோலாவில்தான் தொடங்கினார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி; சங்கீதத்துக்கு உஸ்தாத் அலாவுதீன் கான்; பரத நாட்டியத்துக்கு யார் என்கிறீர்கள்? நம்முடைய கந்தப்பப் பிள்ளை, பாலசரஸ்வதியின் ஆசான்! வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த ஒரு நட்டுவனார், அந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தட்டுக்கழி தட்டுவதை நான் கற்பனை செய்து பார்த்ததுண்டு. பிற்காலத்தில் பெயர் பெற்ற குருதத் அங்கே மாணவராக இருந்தவர்.

இப்படி ஒரு கலை ஊர் வேறு எங்கே அமையும்? ஆனால் அது வெளிநாட்டுச் சிநேகிதர்கள் கொடுத்த பணத்தில் நடந்தது. யுத்தம் வந்தது, பணம் வற்றியது, யுத்தம் முடிவதற்குள் கேந்திரத்தையும் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு உதயசங்கர் தம் கனவைச் சினிமாவாக எடுக்க எங்கே வந்தார் தெரியுமா? சென்னைக்கு! ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' 1948-இல் வெளிவந்தது. நம் பத்மினி முதல்முதலில் திரையில் ஆடியது அந்தப் படத்தில்தான். பனிமலையின் கலை தன் கடைசிக் காசைத் தேடிக்கொண்டு நம் வேர்வைக்கு இறங்கி வந்த கதை இது. அல்மோராப் பக்கத்தில் 'கலை' என்ற கட்டத்தில் நிறைய எழுதிவிட்டு, 'வாடகை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விழித்தேன்.

அடுத்தது காங்ரா பள்ளத்தாக்கில் உள்ள அந்திரேட்டா. நோரா ரிச்சர்ட்ஸ் என்ற அயர்லாந்து அம்மாள் மண் வீடு கட்டிக்கொண்டு குடியேறிப் பஞ்சாபி நாடகத்தை வளர்த்த கிராமம். சோபா சிங் என்ற ஓவியர், தேசம் பிரிந்த பிறகு அங்கே போய் நிலைத்தார். இப்போது மட்பாண்டம் வனையக் கற்றுக்கொள்ள வாலிபர்கள் போகிறார்கள். அதே மாநிலத்தில் நக்கர் என்ற ஊரில் ரஷ்ய ஓவியர் ரோரிக் 1928 முதல் 1947-இல் இறக்கும்வரை வசித்தார். அவர் வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். இமாசலப் பிரதேசத்தில் விவசாயி அல்லாதவர் சர்க்கார் அனுமதி இல்லாமல் நிலம் வாங்க முடியாதபடி 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 118 என்ற பிரிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். எனக்கு நிலம் வாங்கும் உத்தேசமும் இல்லை, சக்தியும் இல்லை. ஆனாலும் அதைப் படித்தபோது அந்த மலைக்காரர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று. நம் பக்கத்து மலைகளுக்கு இப்படி ஒரு புத்தி முன்னாலேயே வந்திருக்கலாம்.

கடைசியில் வடக்கத்திப் பக்கங்கள் மூன்றையும் நானே கிழித்தேன். காரணம் குளிரோ சட்டமோ இல்லை. காய்கறிக்காரியிடம் இந்தியில் பேரம் பேசி, பால்காரனிடம் இந்தியில் கோபித்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தமிழில் நாவல் எழுதலாம் என்று நினைப்பது வீண். பஸ்ஸில் பின் ஸீட்டில் இரண்டு பேர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவது காதில் விழவேண்டும். என் தொழிலுக்கு மூலப்பொருள் அதுதான்.

இந்த இடத்தில், மலை இல்லாத ஓர் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. சென்னை ஓவியர்கள் 1966-இல் இஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் என்று ஒரு கிராமத்தை ஏற்படுத்தினார்கள். கலைக் கல்லூரித் தலைவராக இருந்த பணிக்கர் முன்னின்றார். யாரும் பணமூட்டை கொண்டு வரவில்லை. பத்திக் துணி முதலிய கைவேலைகள் செய்து விற்று, அந்தக் காசில் மணலை வாங்கினார்கள். ஏன் மணலை வாங்கினார்கள்? அது மலிவு. வேறு யாருக்கும் அது வேண்டாம். அவர்கள் போய் உட்கார்ந்த பிறகு, அவர்களைப் பார்க்க மற்றவர்கள் போனார்கள். பார்க்கப் போனவர்களுக்குக் காப்பி வேண்டியிருந்தது. காப்பிக் கடைக்குப் பக்கத்தில் பங்களா வேண்டியிருந்தது. இன்று அந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று ஓர் இளம் ஓவியன் கேட்டால் அவனுக்கு மயக்கம் வரும். கலைஞன் மலிவைத் தேடிப் போகிறான். அவன் போன இடத்தில் மலிவு தங்குவதில்லை. அவனுக்கு மழையில் நனையாத ஒரு கூரை முன்கூட்டியே கிடைத்திருந்தால் சரி. இல்லாவிட்டால் அடுத்த மணலைத் தேட வேண்டியதுதான். மலைக்கும் கணக்கு இதுவேதான் என்பதைக் கொடைக்கானல் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

ஆவணியில் கொடைக்கானல் போனோம். 2024 மே மாதத்திலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் வாங்கவேண்டுமென்று உயர்நீதிமன்றத்து உத்தரவு வந்தது அல்லவா? பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் உண்டாக்கிய ஏரி அப்படியே அழகாக இருக்கிறது. கரையைச் சுற்றித்தான் மனிதர்கள். 1991-இல் வந்த 'குணா' படத்தால் ஒரு குகைக்குப் பெயரே மாறிப்போயிற்று. 2024-இல் ஒரு மலையாளப் படம் வந்து, மறந்திருந்தவர்களுக்கும் அந்தக் குகையை ஞாபகப்படுத்திவிட்டது. நாங்கள் குகைப் பக்கம் போகவில்லை. வீட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்தோம்.

"மாசத்துக்கா கேக்கறீங்க?" என்றார் அவர், நான் ஏதோ செல்லாத நோட்டை நீட்டியதுபோல. "மாசத்துக்கு இங்க யாருங்க விடறாங்க? நாளுக்கு எவ்வளவுன்னு கேளுங்க."

நாளுக்கு 3,000. அதுவும் சாதாரண நாளில்.

ஒரு சிற்றுண்டிக் கடைச் சுவரில் நல்ல நீர்வர்ண ஓவியங்கள் மாட்டியிருந்தன. எழுதிய பெண் அங்கேயே இருந்தாள். கலைஞர் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று ஆவலோடு கேட்டேன். "நான் வத்தலக்குண்டில் இருக்கேன் சார். காலையில முதல் பஸ்ல ஏறி வருவேன், கடைசி பஸ்ல இறங்கிடுவேன். இங்க வாடகை கொடுத்து முடியாது" என்றாள். கலை ஊரின் கலைஞர் கீழே குடியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வத்தலக்குண்டைப் பற்றி நினைத்தபோது சிரிப்பு அடங்கியது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் அந்த ஊர்க்காரர். பி.எஸ். ராமையா அந்த ஊர்க்காரர். மலையடிவாரத்துப் புழுக்கத்தில் எழுத்து விளைந்திருக்கிறது. மலைமேல் அன்று எனக்குக் கிடைத்தது 240 ரூபாய்க்கு ஓர் ஆம்லெட்.

திரும்பி வந்த மறுநாள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நாலாவதாக ஒரு கட்டம் போடப்பட்டிருந்தது. என் மனைவியின் கையெழுத்து. கட்டத்தின் தலைப்பு: மெழுகு.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"வீணைக்கு" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அந்த வீணை என் தலைக்கு மேலேயும் கால்மாட்டிலும் இருந்திருக்கிறது. அதன் 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன என்பதை நான் நிதானமாகப் பார்த்ததே கிடையாது. தண்டியின் இரு பக்கமும் கறுப்பாக மேடு கட்டியிருக்கிறதே, அது தேன்மெழுகில் கரி கலந்து காய்ச்சியது. அதன்மேல் மெட்டுகளைப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு, மயிரிழை நகர்த்தி நிறுத்தவேண்டும். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். சித்திரை வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து ஸ்வரம் பிசகும். குளிரில் இறுகினால் மெழுகு வெடிக்கும். எதுவும் நேராவிட்டாலும் வருஷம் இரண்டானால் புதிதாகக் கட்டவேண்டும். மயிலாப்பூரில் ஒரு கிழவர் இருக்கிறார். இவள் பெண்ணாக இருந்த நாள் முதல் அவர்தான் கட்டுகிறார். தந்தி வாங்குவது வேறொரு கடையில்.

"உங்களுக்குப் பேனா எந்த ஊரிலும் கிடைக்கும்" என்றாள். "அந்தப் படம் எழுதற பெண்ணுக்கு வர்ணமும் காகிதமும் தபாலில் வந்துவிடும். மேளம் கட்டுகிறவர் தபாலில் வருவாரா? நீங்கள் கலை ஊர் கலை ஊர் என்கிறீர்கள். அங்கே போனால் எனக்கு எது அறுந்தாலும் அறுந்ததுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் கலை என்ற கட்டத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தேனே தவிர, அவர்களுக்குத் தந்தி விற்றவன் யார், தூரிகை கட்டிக் கொடுத்தவன் யார் என்று ஒரு வரியும் எழுதவில்லை. மயிலாப்பூர் கலை ஊரானது கோயிலாலும் சபாக்களாலும் மட்டும்தானா? அந்தக் கிழவரின் ஒன்றரை ஆள் அகலக் கடையாலும்தான். குழந்தைகளைப் பற்றி அவள் அன்று பேசவில்லை. ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு வர்ணம் பாதியில் நின்றது எனக்குத் தெரியும். பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண், "போனிலேயே சொல்லிக் கொடுக்கலாம் அம்மா, எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்று அபிப்பிராயம் சொன்னாள். "விரலைப் பிடித்து மெட்டில் வைப்பது எந்தப் போனில்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள் தாயார்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை என்றால், அதற்குப் பேர் பிடிவாதம்தான். புரட்டாசியில் ஏற்காடு போனேன், தனியாக. நல்ல ஊர். 20 கொண்டை ஊசி வளைவு, காப்பித் தோட்டங்கள், சுமாரான வாடகை. ஆனால் என் மனசைக் கவர்ந்தது மலைமேல் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு தன்னந்தனியாக நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' 1950-இல் இங்கிருந்து வந்ததுதான். தச்சர், தையற்காரர், சாயம் பூசுகிறவர், வாத்தியக்காரர் என்று எத்தனை பேர் அந்த வளைவுக்குள் போய் மாதச் சம்பளம் வாங்கியிருப்பார்கள்! ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு இருக்கிறது. பஸ் அதைத் தாண்டும்போது எழுந்து நின்று பார்த்தேன். கண்டக்டர் உட்காரச் சொன்னார்.

குன்னூரை விசாரித்ததோடு சரி. தோட்டத்துப் பங்களாக்களின் வாடகையைக் கேட்ட பிறகு நேரில் போய்ப் பார்க்க அவசியம் ஏற்படவில்லை.

மிஞ்சியது கோத்தகிரி. ஒரு சிநேகிதர், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வீடு இருக்கிறது என்று எழுதினார். வாடகை 9,000. "வா" என்றேன் மனைவியிடம். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். நல்ல நாளில் பார்க்கப் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பத்து நாள் இருந்து பார்க்கவேண்டும். கோத்தகிரி நீலகிரியின் கிழக்கு முகம்; அதற்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் அந்த மலைச் சரிவுகள் இடிந்து நாற்பது பேருக்கு மேல் மாண்டுபோனதை அவள் மறக்கவில்லை. இன்னொன்று: வீணையும் வரவேண்டும்.

"பத்து நாளைக்கு வீணை எதற்கு?"

"பரீட்சை அதற்குத்தானே?"

மேட்டுப்பாளையம் ரயிலில் கீழ்ப் படுக்கையில் வீணை படுத்துக்கொண்டது. நான் மேலே ஏறினேன்.

கோத்தகிரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். கோத்தர்களின் பெயரைக் கொண்ட ஊர் அது. நீலகிரியின் பழங்குடிகளில் கோத்தர்கள் யார்? மற்ற எல்லோருக்கும் அரிவாள் அடித்துக் கொடுத்த கொல்லர்கள், பானை வனைந்தவர்கள், சாவுக்கும் விழாவுக்கும் வாசித்த வாத்தியக்காரர்கள். பக்கத்தில் வெள்ளரிக்கொம்பையில் பாறைமேல் பழைய ஓவியங்கள் இருக்கின்றன; மரப் பிசினிலிருந்தும் இலையிலிருந்தும் வர்ணம் எடுத்துக் குறும்பர்கள் இன்னும் சித்திரம் எழுதுகிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடுகிற பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலைஞர்கள் குடியேறிய மலையைத் தேடி நான் இமாசலம்வரை நோட்டில் நடந்துவிட்டேன். இங்கே யாரும் குடியேறவில்லை, இங்கேயே இருந்தார்கள். அவர்களுக்குச் சிற்றுண்டிக் கடைச் சுவர் கிடைக்காததால் என் கண்ணில் படவில்லை.

வீடு சரிவில் இருந்தது. ஓட்டு வீடு. கீழே தேயிலைச் செடிகள். வீட்டுக்கார அம்மாள் படுகர். எழுபது வயசுக்கு மேல். "இருட்டினா வெளியில போகாதீங்க. காட்டெருமை ஒண்ணும் செய்யாது, வழி விட்டா போயிடும். கரடிதான் ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். சிவபூஜையில் கரடி என்று கேட்டிருக்கிறேன். நிஜமாகவே கரடி வரும் ஊரில் பூஜை செய்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் துணி காயவில்லை. உப்பு தண்ணீராயிற்று. கொண்டு போன புத்தகங்களின் அட்டையில் வெள்ளையாகப் பூத்தது. நாலாம் நாள் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றது, மின்சாரம் போயிற்று. அன்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு மார்பில் பிடித்தது.

இதை வேடிக்கையாக எழுத இப்போது முடிகிறது. அப்போது முடியவில்லை. என் மனைவி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாலை மூடியிருக்கிறது, கோயம்புத்தூர் நல்ல நாளிலேயே இரண்டரை மணி நேரம். 'டாக்டர்' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தேனே, அந்த வார்த்தை அந்த இருட்டில் எவ்வளவு சின்னதாக இருந்தது! வீட்டுக்கார அம்மாளின் பேரன் மழையில் ஓடி, ஊரிலேயே ஒரு டாக்டரைக் கூட்டி வந்தான். அவர் பரிசோதித்தார். ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அம்மாள் அன்போடு அனுப்பிய அவரைக் குழம்பை இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். "வாயு" என்றார். மாத்திரை கொடுத்தார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. சாவதற்கு இது காரணமாக இருந்திருந்தால் என் வாசகர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று கேட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சரி, மலை முடிந்தது என்று நான் நினைத்தேன். காலையில் நோட்டுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமும் மின்சாரம் இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவள் வீணையை எடுத்தாள். ஈரத்தில் தந்தி கறுத்திருந்தது. மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுக்கு நடுவில் மெழுகு விரிந்திருந்தது. "பார்த்தீர்களா?" என்றாள். விளக்குச் சுடரில் ஒரு கரண்டிக் காம்பைக் காய்ச்சி, விரிந்த இடத்தை மெள்ளத் தடவி மூடினாள், மெட்டைத் தட்டினாள், மீட்டினாள், தலையை ஆட்டினாள், மறுபடியும் தட்டினாள். ஒரு மணி நேரம் இப்படி. அதற்குள் வீட்டுக்கார அம்மாளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுருதி சேர்ந்ததும் அவள் வாசித்தாள். நான் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்கிற கைதான். மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. வாசித்து முடித்ததும் அம்மாள், "தேனீ மாதிரி இருக்குது" என்றார்கள்.

"மெழுகு அதோடதுதானே" என்றாள் இவள்.

மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தது. அம்மாளின் பேத்தி எங்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். பழங்குடிகள் சேகரித்த தேன் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. செங்குத்தான பாறைகளில் கொடி ஏணி கட்டி இறங்கி எடுக்கிற மலைத்தேன். என் மனைவி தேனைப் பார்க்கவில்லை. "மெழுகு இருக்கிறதா?" என்று கேட்டாள். மஞ்சளாக, கட்டி கட்டியாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள்; நகத்தால் கீறிப் பார்த்தாள்; ஒரு கிலோ நிறுக்கச் சொன்னாள்.

திரும்பி வரும் ரயிலில் அவளாகவே பேசினாள். மெழுகு மலையில் இருக்கிறது. கட்டத் தெரிந்தவர்தான் இல்லை. கிழவருக்கு எண்பது வயசாகிறது. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. மாம்பலத்திலேயே இருந்தாலும் இன்னும் எத்தனை வருஷம் அவரை நம்ப முடியும்? இதைச் சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது மாசி மாதம். கோத்தகிரி வீட்டுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதி, 30,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். பதினொரு மாதத்தில் என் நெஞ்சுக்கோ அவள் முழங்காலுக்கோ ஒத்துவராவிட்டால் இறங்கிவிடுவது என்று பேச்சு. எந்தத் தேதிக்குப் போவது என்று வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். எனக்குத் தெரியாது. வர்ணம் பாதியில் நிற்கும் இரண்டு குழந்தைகளும் சரண ஸ்வரங்களுக்கு வந்திருக்கிறார்கள். அது முடிகிற அன்றைக்குத்தான் சாமான் கட்டலாம். மற்ற ஏழு பேருக்கும் வேறு டீச்சர் பார்த்தாகிவிட்டது. ஒரு பெண் மாத்திரம் புது டீச்சரிடம் போகமாட்டேன் என்று என் பென்சில்களைச் சீவிக்கொண்டே அழுதது.

வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் சாப்பிட்டதும் அவள் மயிலாப்பூர் போகிறாள். கிழவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நீலகிரி மெழுகை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா கிடைச்சுது?" என்று கேட்டாராம். பிறகு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாராம். நேற்று விரலில் கொப்புளத்தோடு வந்தாள். நாலு மெட்டு நின்றிருக்கிறது, இன்னும் இருபது.